வெயில் காலச் சைக்கிள் பயணமும் வழியில் சந்திக்கும் ஓட்டிகளும்

கோடையில் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் எது கடினம் என்று கேட்டால், வெயில் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். வெயிலைத் திட்டமிட்டுச் சமாளித்துவிடலாம். விடியலில் கிளம்பலாம், தண்ணீரைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்ளலாம், நிழலுள்ள சாலையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நன்றாக யோசித்து வகுத்த வேகத்தை, நம்மைக் கடந்துபோகும் முன்பின் அறியாத ஒருவருக்காக நொடியில் கைவிட்டுவிடுகிறோமே, அதைத் தடுப்பதுதான் கடினம். பின்னாலிருந்து ஒரு செயின் ஓடும் ஓசை காதில் விழுந்ததும், அதுவரை மூச்சும் தாகமும் சொல்லிக்கொண்டிருந்த செய்தி அடங்கிப்போகிறது. போட்டிக்காக அல்லாமல் மனநிறைவுக்காக 60 முதல் 100 கிலோமீட்டர் வரை ரோடு பைக் எனப்படும் சாலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வெயிலில் உடல் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால், வழியில் எதிர்ப்படும் பிற ஓட்டிகளிடம் எப்படி நடந்துகொள்வது என்பது பெருமளவு விளங்கிவிடும்.

உடலுக்குள் சேரும் வெப்பம்

மிதிக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது. மீதி முழுவதும் உடலுக்குள் வெப்பமாகிறது. சமதளத்தில் நிதானமாக ஓட்டும் ஒருவர் பெடலில் 150 வாட் செலுத்துகிறார் என்றால், அதே நேரத்தில் அவர் உடலில் 500 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகிறது. காற்றின் வெப்பநிலை, தோலின் வெப்பநிலையான 35 டிகிரி செல்சியஸை நெருங்கிவிட்டால், வெறும் காற்று பட்டு உடல் குளிர்வது ஏறக்குறைய நின்றுவிடும். அதன் பிறகு வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். மேற்சொன்ன ஓட்டியின் உடலில் ஒரு மணி நேரத்தில் சேரும் வெப்பத்தை அகற்றவே ஏறத்தாழ முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும் என்று கணக்கு வருகிறது. வெயிலும் தார்ச்சாலையும் உடலில் ஏற்றும் வெப்பம் இந்தக் கணக்கில் சேரவில்லை. தாடையிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை; ஆகவே ஈரப்பதம் மிகுந்த நாளில், வெப்பநிலை குறைவாக இருந்தாலும் உடல் கூடுதலாகத் துன்பப்படும்.

சைக்கிள் ஓட்டியின் பெரிய துணை, தன் வேகத்தினாலேயே முகத்தில் வீசும் காற்று. அது எங்கெல்லாம் குறைகிறதோ அங்கெல்லாம் எச்சரிக்கை தேவை. மேட்டில் ஏறும்போது சமதளத்தில் செலுத்திய அதே வலுவைச் செலுத்தினாலும் வேகம் 10 அல்லது 12 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. காற்று நின்றுவிடுகிறது, வெப்பமோ குறையவில்லை. எனவே கோடையில் ஏற்றத்தை வழக்கத்தைவிட ஒரு கியர் இலகுவாக வைத்து ஏறுவதே முறை. பின்காற்றிலும் இதே ஆபத்து உண்டு. போகும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது பின்காற்றில் வா என்று எல்லோரும் சொல்வார்கள். களைத்த பிறகு வீடு திரும்ப அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் பின்காற்றின் வேகமும் உங்கள் வேகமும் ஒன்றானால், உங்கள் உடலைச் சுற்றி இருப்பது அசையாத வெந்த காற்று. அந்தத் திரும்பு பயணம் முற்பகல் 11 மணிக்கு மேல் அமைந்தால், சுகமான பகுதி என்று நீங்கள் நினைத்ததே பயணத்தின் கடுமையான பகுதியாகிவிடும். திசையை மாற்றிக்கொள்வதைவிட, அந்த நேரத்துக்குள் திரும்பிவிடும்படி தூரத்தைக் குறைப்பதே நல்லது என்பது என் முடிவு.

கோடை தொடங்கியதும் முதல் வாரத்திலேயே பழைய தூரத்தை எதிர்பார்க்கக் கூடாது. உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். அந்த நாட்களில் தினமும் ஒரு மணி நேரம் மிதமாக வெயிலில் ஓட்டினால், வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், அதில் வெளியேறும் உப்பு குறையும், அதே வேலைக்கு இதயத்துடிப்பும் தணியும்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் வியர்ப்பவரும் உண்டு, ஒன்றரை லிட்டருக்கு மேல் வியர்ப்பவரும் உண்டு. பயணத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, வழியில் குடித்ததைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் அளவு தெரிந்துவிடும். குறைந்த ஒரு கிலோ எடை ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வைக்குச் சமம். எடை இழப்பு 2 சதவீதத்துக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்வது போதுமானது. திரும்பி வந்தபோது எடை கூடியிருந்தால் அது பெருமைப்பட வேண்டியதல்ல, அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்பதற்கான எச்சரிக்கை. பல மணி நேரம் வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஒரு பாட்டிலிலாவது உப்பு கலந்திருக்கட்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தோ சர்க்கரையோ உட்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக

வெயிலில் டயர் வெடித்துவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. 20 டிகிரியில் 6 பார் (பார் என்பது காற்றழுத்த அலகு) காற்றடித்த டயர் 45 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய 0.6 பார் மட்டுமே கூடும். டயர் நல்ல நிலையில் இருந்து, அதில் குறித்துள்ள உச்ச அளவுக்கு நெருக்கமாகக் காற்றடிக்காமல் இருந்தால் இதனால் தீங்கில்லை. நீண்ட இறக்கத்தில் ரிம் பிரேக்கை, அதாவது சக்கர விளிம்பைக் கவ்வும் பிரேக்கை, விடாமல் பிடித்துக்கொண்டே வருவதுதான் உண்மையான ஆபத்து. விட்டுவிட்டு அழுத்திப் பிடித்து, இடையிடையே ரிம் ஆற இடம் கொடுங்கள். டியூப்லெஸ் டயர் வைத்திருப்பவர்கள் அதனுள் இருக்கும் சீலண்ட், அதாவது துளையை அடைக்கும் திரவம், கோடையில் விரைவாக உலர்ந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டு டியூப், டயர் லீவர், சிறிய பம்ப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியவை எப்போதும் உடன் இருக்கட்டும். ஒருமுறை திறந்த ஒட்டுப்பசை அடுத்த கோடைக்குள் காய்ந்துபோயிருக்கும் என்பதால் அதைக் கிளம்பும் முன்பே சோதித்துவிடுங்கள்.

எதிரே வருகிறவர்

எதிர்த்திசையில் வரும் ஓட்டிக்கு வணக்கம் தெரிவிக்கக் கையை முழுவதும் தூக்க வேண்டியதில்லை. ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு விரலை உயர்த்தினால் போதும், கரடுமுரடான சாலையில் தலையசைப்பே போதும். பதில் வராவிட்டால் வருத்தப்படாதீர்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம், அல்லது உங்களைத் தாண்டி உள்ள பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எதிரே வருகிறவர் உங்களுக்குச் செய்தியும் கொண்டுவருகிறார். அவர் தளர்வாக நிமிர்ந்து உட்கார்ந்து பெரிய கியரில் விரைந்து வந்தால், இதுவரை உங்களுக்கு உறைக்காத எதிர்காற்று முன்னே காத்திருக்கிறது என்று பொருள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெதுவாக அசைத்தால், வளைவுக்கு அப்பால் மணலோ வேலை நடக்கும் இடமோ இருக்கிறது என்று கொள்ளுங்கள். நீங்கள் கடந்து வந்த வழியில் அப்படி ஏதாவது இருந்தால் நீங்களும் அதைத் தெரிவியுங்கள்.

முந்துவதும் முந்தப்படுவதும்

ஒருவரை முந்தப் போகிறீர்கள் என்றால், முதலில் தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் வாகனம் வருகிறதா என்று பாருங்கள். ஐந்தாறு மீட்டர் இடைவெளி இருக்கும்போதே மணியை ஒலித்தோ குரல் கொடுத்தோ தெரிவியுங்கள். காதருகே வந்து திடீரென்று குரல் கொடுத்தால், திடுக்கிட்டவர் குரல் வந்த பக்கமே திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பிய பக்கம் ஹேண்டில்பாரும் திரும்பும். அந்த நாட்டு வாகனங்கள் எந்தப் பக்கமாக முந்துகின்றனவோ அந்தப் பக்கமாகவே, ஒரு மீட்டருக்குக் குறையாத இடம் விட்டுக் கடந்து, நன்றாக முன்னேறிய பிறகே அவர் பாதைக்குள் வர வேண்டும். முந்திய பிறகு வேகத்தைக் குறைக்கக் கூடாது. அந்த வேகத்தைத் தொடர முடியாது என்று தோன்றினால் முந்தாமல் பின்னாலேயே இருங்கள். கடந்துபோய்த் தளர்ந்துவிடுகிறவர், பின்னால் வருகிறவரின் தாளத்தைக் கெடுத்து அவரைப் பிரேக் பிடிக்க வைக்கிறார்.

உங்களை ஒருவர் முந்தும்போது செய்ய வேண்டியது அதைவிட எளிமையானது, ஆனால் அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கோடை முழுவதும் தேவைப்பட்டது. ஒரு நாள் 28 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போய்க்கொண்டிருந்தேன். ஒருவர் மெல்லத் தலையசைத்துவிட்டு என்னைக் கடந்து போனார். அவர் 32இல் போயிருப்பார். வித்தியாசம் நான்கே கிலோமீட்டர்தானே என்று தொடர்ந்தேன். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. அதை வெல்லத் தேவையான வலு மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 28இலிருந்து 32க்குப் போவது என்றால், காற்றுக்காக மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உழைப்பு. அதே விகிதத்தில் உடலுக்குள் வெப்பமும் கூடும். அவரை எட்டவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. இருபது நிமிடம் அதே இடைவெளியில் தொடர்ந்தேன். பிறகு கைகளில் மயிர்க்கூச்செறிந்தது, அந்த வெயிலிலும் முதுகில் குளிர் ஓடியது. அது உடல் தரும் கடைசி எச்சரிக்கைகளுள் ஒன்று என்பதை அன்றே தெரிந்துகொண்டேன். இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். பாட்டிலில் நான்கு மடக்குத் தண்ணீர்தான் மிச்சமிருந்தது.

அரை மணி நேரம் கழித்து அதே மனிதர் திரும்பி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, "தண்ணீர் இருக்கிறதா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் தம் பாட்டிலைத் திறந்து, அதில் பாதியை என் பாட்டிலில் ஊற்றினார். நான் எழுந்து நின்று தடுமாறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, எனக்கு முன்னால் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, தலையைத் தாழ்த்தித் தம் அக்குளுக்குக் கீழாகப் பின்னால் பார்ப்பார். என் முன்சக்கரம் தெரிந்ததும் மறுபடி நிமிர்ந்துகொள்வார். ஒருமுறைகூட என்னை முன்னால் வரச் சொல்லவில்லை.

அன்று முதல் நான் கடைப்பிடிப்பது இதுதான். யாராவது முந்தினால் ஒரு தலையசைப்பு. அடுத்த மூன்று நிமிடங்களுக்கு அவருடைய சக்கரத்தைப் பார்ப்பதில்லை, என் மூச்சை மட்டும் கவனிக்கிறேன். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று வாய்விட்டே சொல்லிப் பார்ப்பேன். முடிந்தால் வேகம் சரியாக இருக்கிறது. வாக்கியம் நடுவில் உடைந்தால் என்னையறியாமல் தொடரத் தொடங்கிவிட்டேன் என்று அறிந்து ஒரு கியர் இறக்கிக்கொள்வேன்.

இன்னொருவரின் சக்கரத்துக்குப் பின்னால்

முன்னால் போகிறவரின் பின்னே ஒட்டி வந்தால் காற்றின் தடை வெகுவாகக் குறையும். இடைவெளியையும் வேகத்தையும் பொறுத்துக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். பெரிய கூட்டத்தின் உட்புறத்தில் இது வியக்கத்தக்க அளவுக்குப் போகிறது: நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் 121 ஓட்டிகள் கொண்ட கூட்டத்தை மாதிரியாக வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, பின்வரிசைகளின் நடுவில் இருப்பவர் தனியாகப் போகும்போது சந்திக்கும் காற்றுத்தடையில் 5 முதல் 10 சதவீதத்தை மட்டுமே சந்திக்கிறார் என்று காட்டியது. கோடையில் இந்த உதவி பெரிது. ஆனால் அது இன்னொருவருடைய உழைப்பிலிருந்து வருவது. ஆகவே கேட்டுத்தான் பெற வேண்டும். பக்கவாட்டில் வந்து, "சிறிது தூரம் உங்கள் பின்னால் வரலாமா?" என்று கேட்பதற்கு ஐந்து நொடி போதும். சொல்லாமல் ஒட்டிக்கொண்டால், முன்னால் போகிறவர் பின்னால் ஆளிருப்பது தெரியாமல் பள்ளத்தைச் சுட்டிக்காட்டாமல் விலகுவார், அல்லது சட்டென்று நிற்பார். தனியாகப் போகும் ஒருவருக்கு, தன் முதுகுக்குப் பின்னால் முகம் தெரியாத யாரோ வெகுநேரம் தொடர்வது அச்சத்தையும் தரலாம். அவர் வேண்டாம் என்றால் உடனே விலகி, முன்னே போய்விடுங்கள் அல்லது நன்றாகப் பின்தங்குங்கள்.

அனுமதி கிடைத்தாலும், அறிமுகமில்லாதவரின் பின்னால் ஒரு சைக்கிள் நீளம், அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி விடுங்கள். அந்த தூரத்திலும் கணிசமான பலன் உண்டு. அவர் எப்படி ஓட்டுகிறார், வளைவில் எங்கே பிரேக் பிடிக்கிறார் என்று தெரிந்த பிறகு சற்று நெருங்கலாம். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒருபோதும் நுழையக் கூடாது. இரண்டு சக்கரமும் உரசினால் முன்னால் இருப்பவர் பெரும்பாலும் தப்பிவிடுவார், விழுகிறவர் பின்னால் வருகிறவரே. அவருடைய பின்சக்கரத்தையே வெறித்துப் பார்க்காமல், இடுப்புக்கும் தோளுக்கும் மேலாக முன்னே உள்ள சாலையைப் பாருங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் பிரேக்கைத் தொடும் முன் மிதிப்பதை நிறுத்துங்கள். அதுவும் போதாவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து மார்பில் காற்றை வாங்குங்கள். புதியவர்கள் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும்: முன்னால் இருப்பவர் மேட்டில் சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், அவருடைய சைக்கிள் உங்களை நோக்கி ஒரு சாண் அளவுக்குப் பின்வாங்கும். ஏற்றம் தொடங்கும் முன்பே இடைவெளியைக் கூட்டிவிடுங்கள். நீங்கள் முன்னால் இருந்தால், பெடலில் ஒரு முழு மிதி அழுத்திக்கொண்டே எழுங்கள்.

மாறி மாறி முன்னால் போவதாக ஒப்புக்கொண்டால், வெயிலில் ஒரு முறைக்கு ஒன்று அல்லது இரண்டு நிமிடம் போதும். முன்னுக்கு வந்ததும் வேகத்தைக் கூட்டுவது மிகப் பரவலான தவறு. அவர் ஓட்டிய அதே வேகத்தில் தொடர்வதுதான் உங்கள் பங்கு. முறை முடிந்ததும் பின்னால் பார்த்து, முழங்கையை அசைத்துக் காட்டிவிட்டு, பக்கக்காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக ஒதுங்குவது வழக்கம். ஆனால் அந்தப் பக்கம் வாகனங்கள் வரும் சாலையானால் மாறி மாறிப் போவதையே கைவிட்டு, வரிசை மாறாமல் ஒருவர் பின் ஒருவராகப் போவதே சரி. உங்களால் முன்னால் போக முடியாத நிலை என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இணையாக ஓட்டும்போது தன் முன்சக்கரத்தை எப்போதும் அரைச் சக்கரம் முன்னே நிறுத்துகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அடுத்தவர் சமன் செய்ய, இவர் மீண்டும் முன்னேற, இருவரும் அறியாமலே வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படிப்பட்டவருடன் போகும்போது சமன் செய்யாமல் பின்னால் நகர்ந்துவிடுவதே நல்லது.

வேகம் ஒத்துப்போகிறவர் கிடைப்பது அரிது. கிடைத்தால் அந்தத் துணையை மதியுங்கள். 1891இல் போட்டியாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணம் இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடிக்கும் பயணமாக, வெற்றியாளர் வரிசை இல்லாமல் நடக்கிறது. அத்தகைய பயணங்களில், ஒருவரின் மொழி இன்னொருவருக்குத் தெரியாத இருவர்கூட வேகம் ஒத்துப்போவதால் இரவு முழுவதும் சேர்ந்து போவது உண்டு.

சாலையோரம் நிற்கிறவர்

நின்றுகொண்டிருக்கும் ஓட்டியைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, "எல்லாம் சரியா?" என்று கேளுங்கள். கோடையில் இதற்கு விதிவிலக்கு கிடையாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருப்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் டியூபோ பம்போதான். கொடுக்கும் முன் சக்கரத்தின் அளவும் வால்வின் நீளமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சைக்கிள் நன்றாக இருந்து, ஆள் தரையில் உட்கார்ந்திருந்தால்தான் கூடுதல் கவனம் வேண்டும். எங்கிருந்து கிளம்பினீர்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறவருக்கு நிழலும் தண்ணீரும் ஓய்வும் போதும். பதில் குழறினால், கேட்டதையே திரும்பக் கேட்டால், தலைக்கவசத்தின் கொக்கியைக் கழற்ற விரல்கள் தடுமாறினால், அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் அந்த நிலை உயிருக்கு ஆபத்தானது. தோல் உலர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை; உழைப்பினால் வரும் வெப்பத்தாக்கத்தில் வியர்வை கொட்டிக்கொண்டும் இருக்கலாம். உடனே அவசர உதவியை அழையுங்கள். அது வரும்வரை காத்திராமல் உடலைக் குளிர்விக்கத் தொடங்குங்கள்: நிழலுக்கு நகர்த்தி, தலைக்கவசத்தையும் காலணியையும் கழற்றி, இருக்கும் தண்ணீரையெல்லாம் உடல் முழுவதும் ஊற்றி விசிறுங்கள், அருகே குளிர்ந்த நீர்த்தொட்டி இருந்தால், தலை மேலே இருக்கும்படி தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அதில் அமர்த்துவது இன்னும் நல்லது. நினைவு குழம்பியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சற்றுத் தெளிந்ததும் சரியாகிவிட்டது என்று எழுந்து சைக்கிளை எடுப்பார், எடுக்க விடாதீர்கள்.

பிரியும் இடத்தில்

சேர்ந்து வந்தவரிடமிருந்து பிரியும் சாலை வருவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே சொல்லிவிடுங்கள். சந்திப்பில் திடீரென்று திரும்பினால் பின்னால் வருகிறவர் மோதுவார். அவர் இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்டு, அவருடைய பாட்டிலைப் பாருங்கள். உங்கள் வீடு பக்கத்தில் இருந்து, அவருக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் மிச்சமிருந்தால், உங்களிடம் இருக்கும் தண்ணீரை அங்கேயே அவருடைய பாட்டிலில் ஊற்றிவிட்டுத் திரும்புங்கள்.